பொதுவகை முறையில் பொருளாக்கம்

எந்த வகைப் பொருளைச் செய்வது என்பதையும் ஒரு அளபுருவாகப் பெற்றுக்கொண்டு, கேட்ட வகையிலேயே புதிய பொருளைச் செய்து கொடுக்கும் நிரல்முறைக்குப் பொதுவகை ஆக்கமுறை என்று பெயர். பொதுவகை முறையை மென்பொருள் அலுவலகங்களில் ‘ஜெனரிக் மெத்தட்’ என்பதே வழக்கு. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல்கள் கிளாஸை இனக்குழு என்றும், ஆப்ஜெக்டைப் பொருள் என்றும், கன்ஸ்ட்ரக்டரை ஆக்கி என்றும் எழுதுகின்றன. இக்கட்டுரையும் அச்சொற்களைக் கொள்கிறது. டைப் என்பதற்கு வகை, ஃபங்ஷனுக்குச் செயற்கூறு, பாராமீட்டருக்கு அளபுரு, ஆர்கியூமெண்டுக்குச் செயலுருபு, பாலிமார்ஃபிசத்துக்குப் பல்லுருவாக்கம், டெம்ப்ளேட்டுக்கு வார்ப்புரு என்று வைத்துக்கொண்டு, கம்பைலரை எல்லோரும் சொல்வதுபோல் கம்பைலர் என்றே விட்டிருக்கிறது.

வகை தெரியாமலே ஒரு பொருளைக் கையில் வாங்கலாம், பட்டியலில் சேர்க்கலாம், இன்னொரு முறைக்கு அனுப்பலாம். புதிதாகச் செய்ய மட்டும் முடியாது. நினைவகத்தில் எவ்வளவு இடம் ஒதுக்குவது, எந்த ஆக்கியை அழைப்பது என்பதெல்லாம் வகை தெரிந்தால்தான் தெரியும். பொதுவகை நிரலாக்கத்தில் பொருளாக்கம் தனித்த சிக்கலாக நிற்பதற்கு இதுவே காரணம். பொருள் பிறக்கும் அந்த நொடியில் வகையைப் பற்றிய அறிவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது.

செய்யூர் வட்டத்துச் சான்றிதழ்கள்

செங்கல்பட்டு மாவட்டம் செய்யூரில் ஒரு இ-சேவை மைய மேசையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு எண்கள் உண்டு: ரெவ் 101 சாதிச் சான்று, ரெவ் 102 இருப்பிடச் சான்று, ரெவ் 103 வருமானச் சான்று, ரெவ் 104 முதல் பட்டதாரிச் சான்று. நான்கிலும் விண்ணப்பதாரர் பெயர், தந்தை பெயர், கிராமம், வட்டம், மாவட்டம் ஆகியவை இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொன்றும் தனி. அரசு மென்பொருளின் உள்ளமைப்பு இதுதான் என்று இங்கே சொல்லவரவில்லை. எல்லாருக்கும் தெரிந்த தாள்கள் என்பதால் எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

பழகாத நிரலர் நான்கு முறைகள் எழுதுவார். சாதிச் சான்றைத் தொடங்க ஒன்று, வருமானச் சான்றைத் தொடங்க ஒன்று, இப்படியே. நான்கிலும் மாவட்டப் பெயரை நிரப்பும் வரி திரும்பத் திரும்ப வரும். இதனால் என்ன கெட்டுப்போகும் என்பதற்குச் செய்யூரின் வரலாறே போதும். 1997 வரை செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்த ஊர், அந்த மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனது. 2019 நவம்பர் 29 அன்று புதிய செங்கல்பட்டு மாவட்டம் தொடங்கப்பட்டதும் அதில் சேர்ந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, தாளில் அச்சாகும் மாவட்டம் இரண்டு முறை மாறிவிட்டது. நான்கு முறைகள் எழுதியவர் நான்கு இடங்களில் திருத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், இல்லாத மாவட்டத்தின் பெயரோடு ஒரு மாணவியின் சான்றிதழ் வெளியே போகும்.

பொதுவகை முறையில் இது ஒரே இடம்:

முறை தொடங்கு [ச] ()
    சான்று = புதிய ச()
    சான்று.வட்டம் = "செய்யூர்"
    சான்று.மாவட்டம் = "செங்கல்பட்டு"
    பின்கொடு சான்று
முடி

சதுர அடைப்புக்குள் உள்ள ‘ச’ என்பது வகை அளபுரு. அழைப்பவர் தொடங்கு [வருமானச்சான்று] () என்று எழுதினால் வருமானச் சான்று வரும். தொடங்கு [சாதிச்சான்று] () என்றால் சாதிச் சான்று. கிடைப்பது வெறும் ‘ஏதோ ஒரு சான்று’ அல்ல. வருமானச் சான்றுக்கே உரிய ஆண்டு வருமானப் புலத்தை அடுத்த வரியிலேயே நிரப்பலாம். வகைமாற்றம் செய்ய வேண்டியதில்லை, தவறான புலத்தைத் தொட்டால் கம்பைலரே நிறுத்திவிடும்.

ஒரு நிபந்தனையும் வேண்டும். வட்டம், மாவட்டம் என்ற புலங்கள் ‘ச’விடம் இருக்கும் என்பதற்கு யார் உறுதி? ‘ச’ என்பது வருவாய்ச்சான்று என்ற அடிப்படை இனக்குழுவின் மரபில் வந்ததாக இருக்க வேண்டும் என்று முறையின் தலைப்பிலேயே எழுதிவிடுவது வழக்கம். மேலே உள்ள ஆறு வரிகளில் உண்மையில் சிக்கலானது இரண்டாவது வரிதான்: புதிய ச(). மற்றவை பல மொழிகளிலும் ஏறத்தாழ இப்படியே எழுதப்படும். இந்த ஒரு வரி மொழிக்கு மொழி வேறுபடும்.

தோற்றம்

கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1967இல் கோபன்ஹேகன் கோடைப்பள்ளியில் நிகழ்த்திய விரிவுரைகளில் பல்லுருவாக்கத்தை இரண்டாகப் பிரித்தார். ஒரே பெயரில் வகைக்கொரு செயற்கூறு எழுதுவது ஒன்று. எல்லா வகைக்கும் ஒரே செயற்கூறு எழுதுவது மற்றொன்று. இரண்டாவதே பொதுவகையின் வேர். ராபின் மில்னர் 1978இல் அதற்குக் கணித அடிப்படையும், வகையைக் கம்பைலரே ஊகித்தறியும் வழியும் தந்தார். பார்பரா லிஸ்கோவ் 1970களில் எம்ஐடியில் உருவாக்கிய குளூ மொழியில், வகை அளபுருவிடம் என்னென்ன செயல்கள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதும் வசதி இருந்தது. நாம் மேலே எழுதிய நிபந்தனை அதன் வழிவந்தது. 1983இன் அடா மொழி பொதுவகையைத் தொழில்துறைக்குக் கொண்டுசென்றது. சி++ மொழிக்கான வார்ப்புருவை பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் 1988இல் முன்வைத்தார். 1998இன் முதல் தர ஆவணத்தில் அது இடம்பெற்றது.

பிறக்கும் நேரத்தில் வகையறிவு

சி++ இல் விடை எளிது. வார்ப்புருவை எந்தெந்த வகைக்கு அழைத்திருக்கிறோமோ அந்தந்த வகைக்கு ஒரு தனிப் படியைக் கம்பைலர் எழுதிக்கொள்கிறது. நான்கு சான்றுக்கு நான்கு படி. நிரலர் செய்யாமல் விட்ட நகலெடுப்பைக் கம்பைலர் செய்கிறது, ஆனால் மூலம் ஒன்றே என்பதால் திருத்தம் ஒரே இடத்தில். ஒவ்வொரு படியிலும் ‘ச’ இருந்த இடத்தில் உண்மையான பெயர் இருப்பதால் பொருளாக்கத்தில் தடையே இல்லை. இதற்கு விலை உண்டு. இயக்கக் கோப்பு பெருத்துவிடும். வகை பொருந்தாதபோது வார்ப்புருவின் அடியாழத்திலிருந்து பக்கம் பக்கமாகப் பிழைச்செய்தி கிளம்பும். நிபந்தனையைத் தலைப்பிலேயே எழுதும் கான்செப்ட் வசதி வர 2020ஆம் ஆண்டுத் தரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரஸ்ட் மொழியும் படியெடுக்கும் வழியையே பின்பற்றுகிறது. ஆனால் நிபந்தனையின்றி எதையும் ஆக்க விடாது. டிஃபால்ட் என்ற பண்பை உடைய வகைக்கு மட்டும் தொடக்கநிலைப் பொருள் கிடைக்கும்.

ஜாவாவின் நிலை வேறு. 1995 முதல் உலகெங்கும் எழுதிக் குவிக்கப்பட்ட நிரல்களை உடைக்காமல் பொதுவகையைச் சேர்க்க வேண்டியிருந்தது. கிலாட் பிராக்கா, மார்ட்டின் ஒடர்ஸ்கி, டேவிட் ஸ்டவுட்டமயர், பிலிப் வாட்லர் நால்வரும் 1998இல் காட்டிய வழி: வகை அளபுருக்களைக் கம்பைலர் சரிபார்த்துவிட்டு அழித்துவிடட்டும், இயங்கும் நிரலில் அவற்றின் சுவடே இருக்க வேண்டாம். 2004இல் ஜாவா 5 இதையே ஏற்றது. பழைய நிரல்கள் பிழைத்தன. ஆனால் இயங்கும்போது ‘ச’ என்ற இடத்தில் அடிப்படை இனக்குழுவின் பெயர் மட்டுமே மிஞ்சும். புதிய ச() என்று எழுத விட்டிருந்தால், வருமானச் சான்று கேட்டவருக்கு வெறும் வருவாய்ச்சான்று வந்து நிற்கும். ஆகவே ஜாவா கம்பைலர் அந்த வரியையே ஏற்பதில்லை. ஜாவா பழகும் ஒவ்வொருவரும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் சுவர் இது. மொழியின் குறை என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். பழைய நிரல்களை நம்பியிருந்தவர்களைக் கைவிடாமல் எடுத்த முடிவு என்று பார்த்தால் அதன் நியாயம் புரியும்.

அழிந்த அறிவைத் திரும்பப் பெற இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. முதலாவது, வகையைக் குறிக்கும் கிளாஸ் பொருளையே செயலுருபாக அனுப்புவது. ஜாவா 5இல் கிளாஸ் என்பதே பொதுவகை ஆக்கப்பட்டதால், வருமானச்சான்றின் கிளாஸைக் கொடுத்தால் வருமானச் சான்றாகவே திரும்பி வரும். இவ்வழியில் நெடுங்காலம் பயன்பட்ட நியூஇன்ஸ்டன்ஸ் முறை, ஆக்கியில் எழும் விதிவிலக்குகளைக் கம்பைலர் கண்ணில் படாமல் கடத்திவிட்டது என்பதால் 2017இல் ஜாவா 9 அதை விலக்கத்தக்கதாக அறிவித்தது. ஆக்கியைத் தனியே தேடியெடுத்து அழைப்பதே இப்போதைய முறை. இரண்டாவது வழி 2014இல் ஜாவா 8உடன் வந்த சப்ளையர். எதைச் செய்வது என்று சொல்வதற்குப் பதிலாக, செய்யத் தெரிந்த ஒரு சிறு செயற்கூறையே கையில் கொடுத்துவிடுவது. இரண்டில் இதுவே மேல். ஆக்கி இல்லாவிட்டால் முதல் வழியில் நிரல் ஓடும்போதுதான் தெரியும். சப்ளையரில் கம்பைலர் அப்போதே சொல்லிவிடும்.

சி ஷார்ப், சி++ மொழிக்கும் ஜாவாவுக்கும் நடுவில் நிற்கிறது. ஆண்ட்ரூ கென்னடி, டான் சைம் இருவரும் மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் வகுத்து 2001இல் வெளியிட்ட வடிவமைப்பு, 2005இல் சி ஷார்ப் 2 ஆக வந்தது. இயங்குதளமே வகை அளபுருவை நினைவில் வைத்திருப்பதால் புதிய ச() என்று எழுதலாம். ஆனால் ‘ச’வுக்குச் செயலுருபு எதுவும் கேட்காத பொது ஆக்கி உண்டு என்ற நிபந்தனையை முறையின் தலைப்பில் சேர்க்க வேண்டும். உள்ளே அந்த வரி ஆக்டிவேட்டர் என்ற நூலக வசதியை அழைக்கும் வரியாகவே மாற்றப்படுகிறது.

2022 மார்ச்சில் பொதுவகை பெற்ற கோ மொழியில் ஆக்கி என்ற ஒன்றே இல்லை. எந்த வகைக்கும் ஒரு சுழிய மதிப்பு உண்டு. அறிவித்தவுடன் அது கிடைத்துவிடும். சுட்டி வகையைக் கொடுத்தால் மட்டும் அந்தச் சுழிய மதிப்பு எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியாக வரும். புதிதாக வருபவர்கள் தடுக்குவது இங்கேதான்.

ஆக்கிக்கு வேண்டிய ஆவணங்கள்

செயலுருபு கேட்காத ஆக்கி என்ற நிபந்தனை பார்க்க எளிமையானது. நடைமுறையில் அது குறைப்பிறப்புக்கு வழி செய்கிறது. சாதிச் சான்றுக்குப் பெற்றோரின் சான்றோ பள்ளி மாற்றுச் சான்றோ வேண்டும். வருமானச் சான்றுக்குச் சம்பள விவரம். முதல் பட்டதாரிச் சான்றுக்கு உடன்பிறந்தவர்களின் படிப்பு விவரம். இவை எதுவும் இல்லாமல் ஒரு வெற்றுச் சான்றை முதலில் செய்துவிட்டுப் பிறகு புலம் புலமாக நிரப்பினால், இடையில் எங்காவது பாதி நிரம்பிய சான்று முழுச் சான்றுபோல நடமாடும். நல்ல இனக்குழு அதை அனுமதிக்கக் கூடாது. வேண்டிய ஆவணம் இல்லாமல் பொருளே பிறக்காதபடி ஆக்கியை எழுதுவதுதான் முறை.

அப்படி எழுதினால் பொதுவகை முறை அந்த ஆவணங்களை ஆக்கியிடம் சேர்க்க வேண்டும். சி++ 2011இல் இதற்கு ஒரு நேர்த்தியான வழியைக் கண்டது. எத்தனை செயலுருபுகள், எந்த வகைகளில் வந்தாலும் அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே ஆக்கியிடம் கடத்தும் வார்ப்புரு. மேக்_ஷேர்டு அதில் பிறந்தது. மேக்_யூனிக் 2014இல் சேர்ந்தது. மனுவோடு வந்த உறையை மேசையில் இருப்பவர் திறக்காமல் உரிய பிரிவுக்கு அனுப்புவதுபோல. உறைக்குள் தவறான தாள் இருந்தால் கம்பைலர் அங்கேயே திருப்பி அனுப்பிவிடும். ஜாவா, சி ஷார்ப் இரண்டிலும் இந்த வசதி இல்லை. ஆவணங்களை முன்பே உள்ளடக்கிய செயற்கூறைக் கொடுப்பதே அங்கே பாதுகாப்பான வழி.

இயங்கும்போது தெரியவரும் வகை

தொடங்கு [வருமானச்சான்று] () என்று எழுதியபோது வகையின் பெயர் நிரலிலேயே இருந்தது. இ-சேவை மையத்தில் நடப்பது அதுவல்ல. மேசையில் இருப்பவர் திரையில் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கிறார். நிரலுக்கு வந்து சேர்வது ‘ரெவ் 103’ என்ற எழுத்துச்சரம். சரத்தைச் சதுர அடைப்புக்குள் போட முடியாது. பொதுவகை முறை என்பது எழுதும்போதே தெரிந்த வகைக்கானது. பயனர் சொல்லித் தெரியும் வகைக்கு அது விடையல்ல. இந்த வேறுபாடு பிடிபடாமல் நாட்கணக்கில் திணறுபவர்கள் ஏராளம். ஆகவே இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே தேவைப்படுவது ஒரு பதிவேடு. இடப்பக்கம் சான்றிதழ் எண், வலப்பக்கம் அந்தச் சான்றைச் செய்யும் செயற்கூறு. நிரல் தொடங்கும்போது ஒவ்வொரு வகையும் ஒரு வரியாகப் பதிவாகும். அந்த வலப்பக்கச் செயற்கூறுகளை எழுத நம்முடைய தொடங்கு முறை உதவும். எண் வந்ததும் பதிவேட்டைப் பார்த்து உரிய செயற்கூறை அழைக்கலாம். புதிய சான்றிதழ் வந்தால் ஒரு வரி கூடும், அவ்வளவே. எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடெஸ் நால்வரும் 1994இல் வெளியிட்ட வடிவமைப்பு நூலில் தொழிற்சாலை முறை என்று பெயரிட்டு விளக்கியது இதற்கு நெருங்கிய உறவு. அங்கே எதைச் செய்வது என்ற முடிவைத் துணை இனக்குழு எடுக்கிறது.

பொதுவகை முறைக்குள் ‘ச என்பது சாதிச்சான்றா, வருமானச்சான்றா’ என்று கேட்கும் நிபந்தனை வரிகள் நுழைந்துவிட்டால் அந்த முறை பொதுவகையாக இருப்பதை நிறுத்திவிட்டது. புதிய வகை வரும்போதெல்லாம் அதைத் திறந்து வெட்டி ஒட்ட வேண்டிவரும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அது இன்னும் கொடியது. பொதுவல்லாததைப் பொது வரியில் எழுதிவிடுவது. கையொப்பமிடும் அதிகாரி வட்டாட்சியர் அலுவலகத்தவர் என்று தொடங்கு முறைக்குள் ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலான தாள்களுக்கு அது சரியாகவே இருக்கும். ஆனால் பழங்குடியினருக்கான சாதிச் சான்றை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். செய்யூர் வட்டத்துக்கு அந்த அலுவலகம் மதுராந்தகத்தில் இருக்கிறது. செய்யூர்ப் பக்கத்து இருளர் பழங்குடி வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு அந்தப் பொது வரி செல்லாத தாளைத்தான் தரும். எது எல்லாருக்கும் பொது, எது ஒருவருக்கு மட்டும் உரியது என்று பிரிப்பதில்தான் பொதுவகை முறையை எழுதுபவரின் கவனம் முழுவதும் இருக்க வேண்டும்.

வகையே சுமக்கும் அளவு

கையொப்பமிடும் அதிகாரி போன்ற விவரத்தை எங்கே வைப்பது? வகையிடமே. இதை விளக்கச் செய்யூருக்கு வடக்கே கடற்கரையில் உள்ள மாமல்லபுரத்துச் சிற்பிகளின் தாளமானம் என்ற அளவுமுறை உதவும். 1957இல் அங்கே தொடங்கப்பட்ட அரசு சிற்பப் பயிற்சி நிலையம், இன்று கட்டடம் மற்றும் சிற்பக் கலைக் கல்லூரியாக அந்த மரபைப் பாடமாகவே கற்பிக்கிறது. சிலையின் முழு உயரத்தையும் குறித்த எண்ணிக்கையில் சம பங்குகளாக வகுத்து, அந்தப் பங்கைக்கொண்டே முகம், கழுத்து, மார்பு என்று எல்லா உறுப்பையும் அளப்பது முறை. எத்தனை பங்கு என்பது உருவத்தைப் பொறுத்தது. சிவன், திருமால் போன்றோருக்கு உத்தம தசதாளம், 124 பங்கு. தேவியருக்கு மத்திம தசதாளம், 120. பிள்ளையாருக்கு ஐந்து தாளம், பூதகணத்துக்கு நான்கு. 62 அங்குல உயரத் திருமால் என்றால் ஒரு பங்கு அரை அங்குலம்; 60 அங்குல உமைக்கும் அதே அரை அங்குலம். வகுப்பதும் அளப்பதும் கோடிடுவதும் எல்லா உருவத்துக்கும் ஒன்றே. தாள எண்ணை மட்டும் உருவமே கொண்டுவருகிறது. கல்லில் முதல் உளி விழும் முன் அது தெரிந்திருக்க வேண்டும்.

நிரல்மொழிகள் சிலவற்றில் இதற்கு இணையான வசதி பிந்தியே வந்தது. பொருள் பிறப்பதற்கு முன்பே, வகையிடமிருந்து நேராக ஒரு மதிப்பைக் கேட்டுப் பெற ரஸ்ட் மொழியில் 2017இல் வகைசார் மாறிலிகள் வந்தன. சி ஷார்ப் 11, 2022 நவம்பரில், இடைமுகத்திலேயே வகைசார் உறுப்புகளை அறிவிக்க விட்டது. பழங்குடியினருக்கான சாதிச் சான்றைப் பழங்குடிச்சான்று என்ற தனி வகையாக்கினால், ‘கையொப்பமிடுபவர் கோட்டாட்சியர்’ என்பதை அது தானே சுமக்கும். தொடங்கு முறை ச.கையொப்பமிடுபவர் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

கற்பித்தல்

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, சிறுசேரி சிப்காட் வளாகத்தில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த், சென்னை ஐஐடியின் இணையவழிப் பட்டப்படிப்புக்காக ஜாவா வழியே நிரலாக்கக் கருத்துகளைக் கற்பிக்கிறார். பல்லுருவாக்கம், பொதுவகை, இயங்கும்போது வகையை ஆராய்தல் ஆகியவை அதில் அடுத்தடுத்து வருகின்றன; இக்கட்டுரையில் சொன்ன சிக்கல் முழுமையாக விளங்க அந்த வரிசை பொருத்தமானது. 2018இல் மாற்றப்பட்ட பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் சி++ வழியே இனக்குழு, ஆக்கி, பல்லுருவாக்கம், மரபுரிமம் வரை கொண்டுசெல்கிறது. முத்தையா அண்ணாமலை 2007இல் உருவாக்கத் தொடங்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் வகையை அறிவிக்க வேண்டிய தேவையே இல்லை. எந்தச் செயற்கூறும் எந்த மதிப்பையும் ஏற்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் வருகிறது. அதில் இனக்குழு என்பதே ஒரு பொருள். அதன் பெயரைச் சாதாரணச் செயலுருபாக அனுப்பிவிடலாம், சதுர அடைப்பும் வேண்டாம், கிளாஸ் பொருளைத் தேடவும் வேண்டாம். தொடங்கு(வருமானச்சான்று) என்று அழைத்தால், உள்ளே ச() என்ற வரி வருமானச் சான்றைச் செய்துவிடும். ஆய்வகத்தில் மாணவர்கள் இங்கே செய்யும் பிழை ஒன்று உண்டு. கைப்பழக்கத்தில் தொடங்கு(வருமானச்சான்று()) என்று ஒரு இணை அடைப்புக்குறியைக் கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். அப்போது உள்ளே போவது இனக்குழு அல்ல, ஏற்கெனவே பிறந்துவிட்ட ஒரு சான்று. அதை மறுபடி ச() என்று அழைக்கும்போது, இந்தப் பொருள் அழைக்கத்தக்கதல்ல என்று பைத்தான் நின்றுவிடும்.